யாளியின் வாய்க்குள் நுழையாத இயந்திரம்

தண்டையார்பேட்டை முதல் மணலி வரை புதிதாக எழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பூஜை அறைக் கதவுகளைக் கொஞ்சம் நின்று பார்த்தால் ஒன்று புலப்படும். இரண்டு யானைகள் நீர் சொரிய நடுவே அமர்ந்திருக்கும் கஜலட்சுமி, வீட்டுக்கு வீடு ஒரே முகத்தோடு இருக்கிறாள். கன்னத்தின் திரட்சி, தாமரை இதழின் மடிப்பு, யானைத் துதிக்கையின் வளைவு என எதிலும் இம்மி மாற்றம் கிடையாது. ஒரே சிற்பி இத்தனை கதவுகளைச் செதுக்கியிருக்க முடியாது. செதுக்கியது கணினி வழிநடத்தும் சி.என்.சி. ரவுட்டர் என்ற வெட்டு இயந்திரம். அதற்குக் கொடுக்கப்பட்ட கணினிக் கோப்பு ஒன்றுதான். அந்தக் கோப்பை உருவாக்கியவர் யார் என்று கதவு வாங்கியவருக்குத் தெரியாது, வெட்டிக் கொடுத்தவருக்கும் பெரும்பாலும் தெரியாது. பென் டிரைவில் வந்தது, வாட்ஸாப்பில் வந்தது, அவ்வளவுதான். இத்தகைய புடைப்புச் சிற்பங்களை வரைய உலகமெங்கும் பயன்பட்ட ஆர்ட்கேம் என்ற பிரிட்டிஷ் மென்பொருளின் விற்பனையை ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2018இல் நிறுத்திவிட்டது. அதில் செய்த கோப்புகள் மட்டும் இன்னும் பட்டறைக்குப் பட்டறை பயணம் செய்துகொண்டிருக்கின்றன.

கோப்பு இருந்தால் கதவு வந்துவிடும், சரி. கோப்பே இல்லாத பொருளுக்கு என்ன செய்வது? தாத்தா காலத்துப் பர்மாத் தேக்குக் கதவில் ஒரு பூப்பலகை உடைந்து போயிருக்கும். நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளில் ஒன்று காணாமல் போயிருக்கும். கோயில் வாகனத்தின் ஒரு பக்க அலங்காரம் கரையான் தின்று பொடியாகியிருக்கும். மற்றொரு பக்கம் கையில் இருக்கிறது. அதைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று வேண்டும். மியான்மர் 2014இல் தேக்கு உருட்டுமரங்களின் ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டதால் பழைய கதவுகளின் மதிப்பு கூடியிருக்கிறது. ஒரு பலகை உடைந்ததற்காக முழுக் கதவையும் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. இருக்கும் பொருளைத் தடவிப் பார்த்து அதன் மேடு பள்ளத்தைப் படித்துக்கொண்டு, புதிய மரத்தில் அதையே வெட்டித் தரும் சிறு இயந்திரங்கள் பொழுதுபோக்கு ஆர்வலர்களின் மேசைக்கே வந்துவிட்ட கதை இங்கேதான் தொடங்குகிறது.

படியெடுக்கும் ஆசை கணினிக்கு மிகவும் முந்தியது. நீராவி எந்திரத்தால் பெயர் பெற்ற ஜேம்ஸ் வாட், ஓய்வு பெற்ற பிறகு பர்மிங்காம் வீட்டின் மாடி அறையில் சிலைகளைப் படியெடுக்கும் இரண்டு இயந்திரங்களோடுதான் கடைசிக் காலத்தைக் கழித்தார். ஒன்று அதே அளவில் படியெடுக்கும், மற்றது சிறிதாக்கிப் படியெடுக்கும். அந்த அறை முழுவதும் இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாட் இறந்த அதே 1819இல் அமெரிக்காவில் தாமஸ் பிளான்சார்ட் என்பவர், கோணல்மாணலான துப்பாக்கிக் கட்டையை மாதிரியைப் பார்த்துக் கடையும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு சக்கரம் மாதிரிக் கட்டையின் மேல் உருளும்; அது ஏறி இறங்குவதற்கு ஏற்ப வெட்டும் சக்கரம் புதுக் கட்டையில் ஏறி இறங்கும். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் துப்பாக்கிக் கட்டைகள் இப்படித்தான் மலைபோல் குவிந்தன. 1845இல் தாமஸ் ஜோர்டன் காப்புரிமை பெற்ற மரச்செதுக்கு இயந்திரம் லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் மரவேலைக்கே பயன்பட்டது. இந்த மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு முனை தடவும், மறுமுனை வெட்டும்.

இன்றைய மேசை இயந்திரத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உருவான கார்வ்ரைட் இதில் பெயர் பெற்றது. நாசாவின் ரோபோனாட் என்ற மனித உருவ இயந்திரத்தின் கைகளை வடிவமைத்த குழுவில் இருந்த பொறியாளர் கிறிஸ் லாவ்சிக்தான் அதன் பின்னணியில் இருந்தவர். இழைப்பு இயந்திரம் போல மரத்தை ஒரு பக்கம் உள்ளே இழுத்து மறுபக்கம் தள்ளும் பெட்டி அது. வெட்டும் பிட்டுக்குப் பதிலாக ஒரு தொடு ஊசியைப் பொருத்தினால் அதே பெட்டி ஸ்கேனராகிவிடும். இந்தியாவில் அதைவிட அதிகம் கண்ணில் படுவது 3018 என்று அழைக்கப்படும் சீனத்து மேசை ரவுட்டர். 30 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம் வரை வெட்டும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அலுமினியச் சட்டம், மூன்று ஸ்டெப்பர் மோட்டார், ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச மென்பொருளை ஓட்டும் ஒரு சிறு மின்பலகை, இவ்வளவுதான் உள்ளே. ஒரு நல்ல கைப்பேசி வாங்கும் காசுக்குள் வந்துவிடும். தொடு ஊசியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

ஊசி எப்படிப் படிக்கிறது? பொருளை மேசையில் அசையாமல் பிடித்து வைத்துவிட்டு, மேலிருந்து ஊசியை இறக்குவார்கள். மரத்தில் பட்டதும் ஒரு சுவிட்ச் தட்டும். அந்த இடத்தின் உயரம் குறிக்கப்படும். ஊசி தூக்கிக்கொண்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்து மறுபடி இறங்கும். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் பூப்பலகையை இப்படி அரை மில்லிமீட்டர் இடைவெளியில் படிக்க ஏறத்தாழ 40,000 தொடுதல்கள் வேண்டும். தொடுதலுக்கு ஒரு விநாடி என்றாலும் 11 மணி நேரம். இடைவெளியைக் கால் மில்லிமீட்டராக்கினால் 44 மணி நேரம். பலர் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போவது இதனால்தான். நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஊசியின் முனை கூர்மையாக இருக்காது, சிறு உருண்டையாக இருக்கும். உருண்டையின் விட்டத்தைவிடக் குறுகலான பள்ளத்துக்குள் அது இறங்காது. மேட்டின் ஓரங்களைக் கொஞ்சம் பருமனாகவே படித்துச் சொல்லும். ஆனால் வெட்டும் பிட்டின் நுனியும் அதே விட்டத்தில் உருண்டையாக இருந்தால் இந்தப் பிழை தானாக அடிபட்டுப் போகிறது. உருண்டை எந்தப் பாதையில் ஏறி இறங்கியதோ அதே பாதையில் பிட்டும் ஏறி இறங்கும். ஊசி எட்டிய இடமெல்லாம் அப்படியே வெட்டுப்படும். ஊசியின் நுனியும் பிட்டின் நுனியும் ஒன்றாக இருக்கட்டும் என்பது கையால் தள்ளும் பழைய படியெடுப்புக் கருவிகளின் காலத்திலிருந்தே உள்ள விதி. புதிதாக இயந்திரம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

பொறுமை இல்லாதவர்களுக்குக் கைப்பேசி இருக்கிறது. பொருளைச் சுற்றி வந்து ஐம்பது, நூறு படங்கள் எடுத்து ஒரு மென்பொருளுக்குக் கொடுத்தால், படங்களில் பொதுவாக உள்ள புள்ளிகளை ஒப்பிட்டு முப்பரிமாண வடிவத்தைக் கணக்கிட்டுத் தரும். மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருள்களே போதும். நிழல் விழாத பரவலான வெளிச்சம் வேண்டும். பாலிஷ் போட்டுப் பளபளக்கும் கரிய மரம் இதற்கு எதிரி. ஒளி ஒவ்வொரு கோணத்திலும் ஒவ்வொரு விதமாகத் தெறிப்பதால் மென்பொருள் தடுமாறிவிடும். சொந்த நாற்காலி என்றால் முகப் பவுடரை மெல்லத் தூவி, படமெடுத்த பின் துடைத்துவிடலாம். பழைய வண்ணப் பூச்சு உள்ள பொருளிலோ வழிபாட்டில் இருக்கும் சிலையிலோ அதைச் செய்யவே கூடாது. இன்னொன்று: பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுக்காவிட்டால் உருவம் கிடைக்கும், அளவு கிடைக்காது.

எந்த வழியில் படித்தாலும் கடைசியில் பெரும்பாலும் கிடைப்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான். வெளுத்த இடம் மேடு, கறுத்த இடம் பள்ளம். சாதாரணப் படத்தில் சாம்பல் நிறத்துக்கு 256 படிகளே உண்டு. 20 மில்லிமீட்டர் ஆழத்தை அவற்றில் பங்கிட்டால் படி ஒன்றுக்கு மில்லிமீட்டரில் பதின்மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வரும். லட்சுமியின் கன்னம் போன்ற மென்சரிவில் இந்தப் படிகள் வரிவரியாகக் கண்ணுக்குத் தெரியும். 16 பிட் படமாகச் சேமித்தால் 65,536 படிகள், வரி மறைந்துவிடும்.

வெட்டும் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் தடித்த பிட்டால் வேண்டாத மரத்தை மொத்தமாக அள்ளிவிட்டு, பிறகு உருண்டை நுனிப் பிட்டால் நெருக்கமாக இழுப்பார்கள். 20 சென்டிமீட்டர் சதுரப் பலகையைப் பெரிய இயந்திரம் ஒன்றில் 0.3 மில்லிமீட்டர் நெருக்கத்தில் முடிக்க பிட் ஏறத்தாழ 133 மீட்டர் பயணம் செய்ய வேண்டும். நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அது 2 மணி 13 நிமிடம். மலிவு இயந்திரத்தில் வேகம் இன்னும் குறையும். உளியும் கொட்டாப்புளியும் பிடிக்கும் ஆசாரி மரத்தின் நாரைப் பார்த்து உளியைத் திருப்புவார். இயந்திரம் நாரைப் பார்க்காது, இடமிருந்து வலம் போகச் சொன்னால் போகும். குறுக்கு நாரில் மூக்கு நுனியும் விரல் நுனியும் பிய்த்துக்கொண்டு போவது அதனால்தான். தேக்கில் சிலிகா கலந்திருப்பதால் பிட்டின் கூர் விரைவில் மழுங்கும். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே சேர்த்துவிட்டது. ஆகவே படுக்கையறை மூலையில் தூசு உறிஞ்சியும் முகக்கவசமும் இல்லாமல் இதை ஓட்டுவது விளையாட்டல்ல. ராயபுரம், எண்ணூர்க் கடற்காற்று தன் பங்குக்கு வேறு வேலை செய்யும். எண்ணெய் துடைக்காத திருகுத்தண்டு துருப்பிடிக்கும். ஈரம் குடித்த பலகை ஸ்கேன் செய்த அன்று ஓர் அளவு, வெட்டும் அன்று ஓர் அளவு என்று உப்பும்.

இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாத குறை ஒன்று இருக்கிறது.

இந்த இயந்திரத்துக்கு உயரம் மட்டுமே தெரியும். மேலிருந்து பார்க்கும்போது ஒரு புள்ளிக்கு ஓர் உயரம். அதற்குக் கீழே குடைவு இருந்தால் அது இருப்பதே தெரியாது. திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் மாசிப் பெருவிழா போன்ற திருவிழாக்களில் தேர் ஓடும்போது அடிப்பீடத்தைப் பாருங்கள். நம் தேர்ச் சிற்பங்களில் யாளியின் வாய் திறந்திருக்கும், நாக்கு மடிந்திருக்கும், பல்லுக்குப் பின்னால் இருட்டு இருக்கும். குதிரையின் முன்னங்கால் உடலை விட்டு விலகித் தூக்கி நிற்கும். மாலை மார்பில் ஒட்டாமல் தொங்கும். அந்த இருட்டையும் இடைவெளியையும் பக்கவாட்டிலும் கீழிருந்தும் உளியை நுழைத்துத்தான் சிற்பி உண்டாக்குகிறார். மேலிருந்து இறங்கும் ஊசிக்கு யாளியின் மேல் உதடு தெரியும். அதன் கீழே வாய் முழுவதும் கெட்டியான மரம் என்றே பதிவாகும். வெட்டி எடுத்தால் வாயடைத்த யாளிதான் கிடைக்கும். பொருளைச் சுழற்றி வெட்டும் நான்கு, ஐந்து அச்சு இயந்திரங்களும், எல்லாப் பக்கமும் படிக்கும் ஒளி ஸ்கேனர்களும் உண்டு. ஆனால் குடைவை வெட்டும் ஐந்து அச்சு இயந்திரத்தின் விலை மேசை இயந்திரம் வாங்குகிறவரின் கைக்கு எட்டாது. சிறு இயந்திரம் பாதி வேலையை முடித்து, குடைவை ஆசாரியிடம் விடுவதே நடைமுறையில் நல்ல ஏற்பாடு.

எண்ணூர்ப் பக்கம் வார்ப்பட வேலை தெரிந்தவரிடம் இந்தக் குறையைச் சொன்னால் அவர் வியக்கமாட்டார். அவர் தொழிலே இந்தக் குறையின் மேல்தான் நிற்கிறது.

அந்தத் தொழில் இங்கே வந்த கதை இது: 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. 1955இல் அது அசோக் லேலண்டு ஆனது. லாரிகளுக்கான வார்ப்படங்களைச் செய்ய 1959இல் எண்ணூர் ஃபவுண்டரீஸ் வந்தது. அதே 1950களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை எழுந்தது. இரும்பு வார்க்கும் இடமெல்லாம் மரம் செதுக்கும் இடமும்கூட என்பது வெளியே பலருக்குத் தெரியாது. எந்த வார்ப்புக்கும் முதலில் மரத்தில் ஓர் உருவம் செய்வார்கள். பட்டறையில் அதற்குப் பேட்டர்ன் என்று பெயர். அதை மண்ணில் பதித்து மெதுவாகத் தூக்கினால் குழிவு நிற்கும். உருகிய இரும்பு அதில் இறங்கும். தூக்கும்போது மண் உதிரக் கூடாது. ஆகவே பேட்டர்னில் குடைவு இருக்கக் கூடாது. பக்கச் சுவர்கள் ஓரிரு டிகிரி சாய்ந்து, மேலே அகன்று கீழே ஒடுங்கியிருக்க வேண்டும். உருண்டையான பொருளென்றால் நடுவே இரண்டாகப் பிளந்து தட்டையான முகத்தில் முளை வைத்து இணைக்க வேண்டும். அதாவது பேட்டர்னின் ஒவ்வொரு பாதியையும் மேசையில் கவிழ்த்து வைத்தால் மேலிருந்து எல்லாமே தெரியும். உயரம் மட்டுமே தெரிந்த ஊசிக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. கஜலட்சுமியைவிட, யாளியைவிட, பழைய தண்ணீர்ப் பம்பின் மூடிதான் இந்த இயந்திரத்துக்கென்றே பிறந்தது.

இதில் கவனிக்க வேண்டிய கணக்குகள் சில உண்டு. வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று சுருங்கும், எஃகு இரண்டு. 300 மில்லிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்புப் பொருளுக்கு 303 மில்லிமீட்டர் பேட்டர்ன் வேண்டும். பேட்டர்ன் ஆசாரிகள் இதற்கென்றே நீட்டிக் கோடு போட்ட அளவுகோல் வைத்திருப்பார்கள். பழைய மரப் பேட்டர்னையே ஸ்கேன் செய்தால் இந்தச் சேர்ப்பு அதிலேயே இருக்கிறது. மறுபடி சேர்க்கக் கூடாது. உடைந்துபோன இரும்புப் பொருளை ஸ்கேன் செய்து அதிலிருந்து பேட்டர்ன் செய்தால் சுருக்கத்தையும் சேர்க்க வேண்டும், கடைசலில் சீவப்போகும் பரப்புகளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தையும் சேர்க்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் வார்த்த பொருள் போல்ட் துளைக்குப் பொருந்தாது.

செங்குத்தான சுவர்களில் ஊசி வழுக்கும். ஆகவே சாய்வைத் தனியாக அளந்து கணினியில் திருத்தி வரைவதே நல்லது. ஸ்கேனை வளைந்த பரப்புகளுக்கு மட்டும் நம்பலாம். பேட்டர்னின் மேல் பூசியிருக்கும் வண்ணங்களுக்கும் பொருள் உண்டு. எந்தப் பரப்பு கடைசலுக்குப் போகும், உட்குழிவை உண்டாக்கும் கோர் எங்கே உட்காரும் என்பதை வண்ணத்தால் குறித்திருப்பார்கள். உயரத்தை மட்டும் படிக்கும் கோப்பில் அந்தச் செய்தி வராது. ஒரு புகைப்படத்தைக் கூடவே வைக்க வேண்டும். 3018இன் மேசைக்குள் அடங்குவது சிறு பொருள்தான். கைப்பிடிச் சக்கரம், வால்வு மூடி, தாங்கி, படகு இயந்திரத்தின் சில பாகங்கள் அதில் அடங்கும். வரைபடமும் இல்லாமல் தயாரித்த நிறுவனமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரங்களுக்கு வேண்டியவை பெரும்பாலும் அந்த அளவுப் பொருள்களே.

படியெடுப்பது எளிதாக ஆக, யாருடையதைப் படியெடுக்கிறோம் என்ற கேள்வி கனக்கிறது. அலாஸ்காவின் டிலிங்கிட் மக்களில் டக்லவேடி குலத்தின் கொலைகாரத் திமிங்கலத் தொப்பி மரத்தில் செதுக்கப்பட்டது. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நெடுநாள் இருந்தது. 2005இல் அதைக் குலத்தாரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பின்னர் குலத்தாரின் இசைவோடு தொப்பியை முப்பரிமாண ஸ்கேன் செய்து, ஆல்டர் மரத்தில் இயந்திரத்தால் வெட்டிக் கையால் முடித்த படியொன்றை அருங்காட்சியகம் வைத்துக்கொண்டது. அசல் அதன் சொந்தக்காரர்களிடம், படி பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட. அதே மக்களின் மற்றொரு குலத்துத் தொப்பி விரிசல் விட்டு அணிய முடியாமல் போனபோது, ஸ்கேன் வழியே செய்த புதிய தொப்பியைச் சடங்கு செய்து 2019இல் குலப் பயன்பாட்டுக்கே ஏற்றுக்கொண்டார்கள். ஜப்பானின் வகயாமா மாநிலத்தில் காவலில்லாத சிறு கோயில்களின் புத்தர் சிலைகளுக்கு மாணவர்கள் முப்பரிமாண அச்சில் படி செய்து வண்ணம் பூசிக் கொடுக்கிறார்கள். படி கோயிலில் நிற்கிறது, அசல் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. சிலைத் திருட்டுக்குப் பேர்போன தமிழ்நாட்டில் இதைப் பற்றி யோசிப்பதற்கு நல்ல முகாந்திரம் உண்டு.

இங்கே மறுபக்கமும் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்கள் 2020இலும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் 2021இலும் புவிசார் குறியீடு பெற்றன. அங்கே செதுக்கிய ஒன்றை வாங்கி வந்து ஸ்கேன் செய்து நூறு வெட்டி, அதே ஊர்ப் பெயரில் விற்பது சட்டப்படியும் குற்றம், நியாயப்படியும் திருட்டு. சொந்த வீட்டுக் கதவின் உடைந்த பலகைக்கு ஒரு படி எடுப்பதை அதோடு சேர்க்க முடியாது. இன்னொரு சிக்கல் துறைமுகத்தில் காத்திருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட மரச்சிற்பம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு அனுப்ப முடியாது. படி அசலைப் போலவே அமைந்து, பழமையாகத் தோன்றும்படி மெருகும் ஏற்றியிருந்தால், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்றிதழ் இல்லாமல் சுங்கத்தைத் தாண்டுவது கடினம். படியின் பின்புறம் செய்த ஆண்டையும் ‘படி’ என்ற குறிப்பையும் ஆழமாக வெட்டிவிடுவது வாங்குபவருக்கும் நல்லது, விற்பவருக்கும் நல்லது.

வடசென்னையில் பட்டறையை மூடுகிறவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இரும்பை எடைக்குப் போடும் நாளில் பேட்டர்ன் அலமாரியை விறகுக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களையோ இந்த இயந்திரம் வைத்திருக்கும் ஆர்வலர் ஒருவரையோ அழைத்து ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். எந்த இயந்திரத்தின் எந்தப் பாகம், எந்த உலோகத்தில் வார்த்தது, சுருக்கம் சேர்த்ததா இல்லையா என்ற மூன்றையும் கோப்போடு எழுதி வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்த பேட்டர்ன் ஆசாரி இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.